கேசினோக்களிடம் பங்கு கேட்ட அர்னால்டு: சொன்னது நடந்ததா?

'டெர்மினேட்டர்' ஹீரோ அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் 2003ல் கலிஃபோர்னியா ஆளுநரானது பலருக்கும் தெரியும். அங்க ஆளுநர்னா, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர். அந்தத் தேர்தலில் கேசினோ வருமானமும் முக்கியப் பிரச்னையாக இருந்தது.

அர்னால்டு என்ன சொன்னார்?

மாநில அரசு கடும் நிதி நெருக்கடியில் இருந்த நேரம் அது. பதவியில் இருந்த கிரே டேவிஸை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. டிவி நிகழ்ச்சியில் போட்டியை அறிவித்த அர்னால்டு, 'பழங்குடியினரின் கேசினோக்கள் கோடிகளில் சம்பாதிக்கின்றன, நியாயமான பங்கைத் தரட்டும்' என விளம்பரம் செய்தார். முக்கியப் போட்டியாளர் குரூஸ் பஸ்டமான்டேவுக்குப் பழங்குடி அமைப்புகளின் நிதி போயிருந்ததால், பேச்சு நல்லாவே எடுபட்டது.

வரி போட முடியாதா?

சிக்கலே இங்கதான். பழங்குடி அமைப்புகள் தனி அரசுகளாக அங்கீகரிக்கப்பட்டவை. 1988 மத்திய சட்டப்படி கேசினோவுக்கு மாநிலத்துடன் ஒப்பந்தம் தேவை. ஆனால், அதை வைத்து மாநிலம் வரி விதிக்க முடியாது.

கடைசியில் என்ன ஆச்சு?

2004ல் 5 பழங்குடி அமைப்புகளுடன் அர்னால்டு புதிய ஒப்பந்தம் போட்டார். கூடுதல் சூதாட்ட இயந்திரங்களுக்கு அனுமதி, பதிலுக்கு அரசுக்குக் கூடுதல் பணம். ஆனால் ரிங்கான் பழங்குடியினர் வழக்குப் போட்டனர். மாநிலத்தின் பொது நிதிக்குப் பங்கு கேட்பது வரிக்குச் சமம் என 2010ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

மேடையில் 'பங்கு' என்று சொன்னதை, நீதிமன்றம் 'வரி' என்றது.