சிக்குன்குனியாவின் பரவல்: கொசுவின் வருகைக்கும் நோயின் வருகைக்கும் இடைப்பட்ட காலம்

கொசுவால் பரவும் வைரஸ் நோய் ஒன்று அதுவரை அறியப்படாத நிலப்பகுதியில் தலைகாட்டும்போது, புவி வெப்பமடைவதே அதற்குக் காரணம் என்று கூறிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அக்கூற்றில் உண்மை உண்டு எனினும், சிக்குன்குனியாவின் எழுபதாண்டு வரலாறு அதைவிடச் சிக்கலானது. நோயைக் கடத்தும் கொசு வணிகச் சரக்கோடு முன்னரே வந்து குடியேறிவிட, வைரஸ் பல ஆண்டுகள் கழித்தே பயணி ஒருவரின் குருதியில் வந்து சேர்ந்தது என்பதையே ஐரோப்பியச் சான்றுகள் காட்டுகின்றன.

இந்நோய் முதன்முதலில் தனித்து அடையாளம் காணப்பட்டது 1952-53ஆம் ஆண்டுகளில், இன்றைய தான்சானியாவின் தெற்கெல்லையில் உள்ள மகொண்டே பீடபூமியில் ஆகும். மேற்பரப்பு நீர் அரிதான அப்பகுதியில் மக்கள் வீட்டுக்குள் சேமித்து வைத்த நீரில் ஏடிஸ் எகிப்தி என்னும் பகற்கடிக் கொசு பெருகியது. கடும் காய்ச்சலும், நோயாளியை நிமிர்ந்து நிற்கவிடாத மூட்டுவலியும் கொண்ட அந்நோயை ஆய்வாளர்களான லம்ஸ்டனும் ராபின்சனும் விவரித்தனர். ராஸ் என்னும் ஆய்வாளர் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார். ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குகளுக்கும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே சுழலும் இவ்வைரஸ் அவ்வப்போது மனிதக் குடியிருப்புகளுக்குள் நுழைகிறது என்பது பின்னாளைய ஆய்வுகளின் முடிவு.

ஆசியாவில் 1958இல் பாங்காக்கிலும், 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இந்நோய் பரவியது. வேலூரில் டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே பருவத்தில் உடன் நிலவியதைப் பதிவு செய்த ஆய்வாளர்களுள் ஒருவரான டொனால்டு கேரி, 1971இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய மருத்துவ நூல்கள் டெங்கு எனக் குறித்த கொள்ளைநோய்களுள் சில உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். இரு நோய்களையும் அருகருகே கண்டவர் எழுப்பிய ஐயம் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு. இந்நோய் கடல் கடந்தது 20ஆம் நூற்றாண்டில்தான் என்று அறுதியிட முடியாதபடி அது செய்துவிடுகிறது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தோன்றிய பரவலுக்குப் பின் இந்தியாவில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பெரும்பரவல் எதுவும் பதிவாகாததால், இளைய தலைமுறையிடம் எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை.

2004இல் கென்யாவின் லாமு தீவில் வறட்சிக் காலத்தில் தொடங்கிய பரவல் கொமொரோஸ் வழியாக, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரெயூனியன் தீவை 2005இல் அடைந்தது. அங்கே ஏடிஸ் எகிப்தி மிக அரிது. பரவலாக இருந்தது ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் ஆசியப் புலிக்கொசுவே. அதுவரை இரண்டாம் நிலைக் கடத்தியாகவே கருதப்பட்ட அக்கொசு, மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினரை, அதாவது சுமார் 2,66,000 பேரை, நோய்க்குள்ளாக்கியது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் இருந்த அலனின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறியிருந்ததும், அவ்வொரு மாற்றமே புலிக்கொசுவின் உடலில் வைரஸ் எளிதில் தொற்றிப் பெருக வழி செய்ததும் ஆய்வகச் சோதனைகளில் தெளிவாயின. 2006இல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேரைத் தாக்கிய அலையில் முதலில் அம்மாற்றம் காணப்படவில்லை. ரப்பர்ப் பால் சேகரிக்கும் சிரட்டைகளில் புலிக்கொசு பெருகும் கேரளத் தோட்டப் பகுதிகளில் மறு ஆண்டு அது தென்பட்டது. வெவ்வேறு இடங்களில் அதே மாற்றம் தனித்தனியே தோன்றியது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

இதற்கு எதிரிடையான சான்று, ஆசியாவில் முன்பே பரவிவந்த, ஆசிய மரபுவழி எனப்படும் வைரஸ் கிளையில் கிடைக்கிறது. புலிக்கொசுவின் தாயகத்திலேயே அரை நூற்றாண்டு சுற்றித் திரிந்தும் அவ்வைரஸ் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. அதே புரதத்தின் 98ஆம் இடத்தில் உள்ள வேறுபாடு அம்மாற்றத்தின் பயனைத் தடுத்துவிடுகிறது. ஆயினும் 2013 இறுதியில் கரீபியத் தீவான செயின்ட் மார்ட்டினில் நுழைந்து, ஓராண்டுக்குள் அமெரிக்கக் கண்டங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது இந்த ஆசிய வைரஸ்தான். அங்கே அதற்குப் புலிக்கொசு தேவைப்படவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் சென்று குடியேறியிருந்த ஏடிஸ் எகிப்தியே போதுமானதாயிற்று.

புலிக்கொசு ஐரோப்பாவை அடைந்த வழி மிகச் சாதாரணமானது. அதன் முட்டைகள் நீரின்றி மாதக்கணக்கில் உயிர்த்திருப்பதால், மழைநீர் தேங்கி உலர்ந்த பழைய டயர்கள் ஏற்றுமதியாகும்போது முட்டைகளும் உடன் சென்றன. 1979இல் அல்பேனியாவிலும், 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது கண்டறியப்பட்டது. குளிர்காலத்தை முட்டைப் பருவத்திலேயே உறக்கநிலையில் கடக்கும் இயல்பு மிதவெப்ப நாடுகளிலும் அது நிலைக்க உதவியது. எனினும் கடித்துத் தொல்லை தரும் பூச்சியாகவே அது பெரும்பாலும் எண்ணப்பட்டது. 2007 கோடையில் கேரளத்திலிருந்து வந்த பயணி ஒருவரிடமிருந்து வட இத்தாலியின் காஸ்தில்யோனே டி செர்வியா என்னும் சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவியபோதுதான், பதினேழாண்டு அவகாசம் கைநழுவிப் போனது புலப்பட்டது. 2010இல் பிரான்சின் பிரெஜூஸ் நகரில் உள்ளூர்த் தொற்று பதிவாயிற்று. வெப்பத்தின் பங்கு இந்தக் கட்டத்தில்தான் முனைப்பாகத் தெரிகிறது: சூழல் சூடேற, கொசுவின் குடலில் நுழைந்த வைரஸ் உமிழ்நீரை எட்டும் காலம் குறைகிறது, கொசு உலவும் பருவமும் நீள்கிறது.

2025இல் ரெயூனியனை நோய் மீண்டும் பெருமளவில் தாக்கியது; முந்தைய பரவலுக்குப் பின் பிறந்தோரிடமும் குடியேறியோரிடமும் எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற, வீரியம் குறைக்கப்பட்ட உயிர் வைரஸைக் கொண்ட தடுப்பூசி ரெயூனியனில் முதியோருக்கு முன்னுரிமை அளித்துச் செலுத்தப்பட்டது. கடுமையான பக்கவிளைவுகள் சிலருக்கு ஏற்பட்டதைத் தொடர்ந்து, 65 வயதைக் கடந்தோருக்கு அதைச் செலுத்துவது ஏப்ரல் மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், புலிக்கொசுவுக்குத் தாயகமான சீனத்தின் தென்பகுதியில், ஃபோஷான் நகரில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்.