பிடுங்கப்பட்ட பி.டி. பீரியட்

போன வாரம் என் அக்கா பையனோட டைரியில் மிஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தாங்க: வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, ஒரு வாரத்துக்கு பி.டி. பீரியட் கிடையாது. ஆறாம் வகுப்பில் எனக்குக் கிடைச்சதும் இதே தண்டனைதான்.

துறுதுறுப்பைக் குற்றமாப் பார்க்கிறது ரொம்பப் பழைய பழக்கம். 1840-களில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் எழுதிய சிறுவர் புத்தகத்தில் பிலிப்னு ஒரு பையன் வருவான். நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசை விரிப்பு, சாப்பாடு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு விழுவான். 1902-ல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். புத்தியில் குறையில்லாத சில பிள்ளைகளுக்கும் ஒழுக்கக் கட்டுப்பாடு குறைவு என்றார். ஏ.டி.எச்.டி. வரலாற்றைப் பலரும் இங்கிருந்துதான் தொடங்குவாங்க. ஒழுக்கமாம்!

2013-ல் அமெரிக்காவில் மாத்யூ பான்டிஃபெக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 40 பேர். பாதிப் பேருக்கு ஏ.டி.எச்.டி. ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில், இன்னொரு நாள் 20 நிமிடம் உட்கார்ந்து வாசிப்பு, பிறகு டெஸ்ட். டிரெட்மில் நாளில் வாசிப்பும் கணக்கும் மேம்பட்டன, இரண்டு பக்கமும். சின்ன ஆய்வுதான், வகுப்பறையிலும் நடக்கலை. ஆனா டிரெட்மில்லே வேணும்னு இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் வந்த டேக் 10 திட்டத்தில், வகுப்புக்குள்ளேயே பத்து நிமிடம் உடம்பை அசைச்சுக்கிட்டே பாடம் படிச்சாங்க.

நாளைக்கு அந்த மிஸ்ஸைப் பார்க்க அக்காவோட நானும் போறேன்.