புலி தானே எடுத்த படம்

கான்சாபுரத்திலிருந்து அத்திக்கோயில் பக்கம் போனால், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் மலைக்காடு தொடங்கிவிடும். 2021 பிப்ரவரியில் நாட்டின் 51-வது புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு அது. இப்படியான காடுகளில் எத்தனை புலி என்று கேட்டால், இன்று பதில் சொல்வது மரத்தில் கட்டிய தானியங்கி கேமரா.

அது பிறந்தது அமெரிக்காவில். ஜார்ஜ் ஷிராஸ் என்ற வழக்கறிஞர் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவர். பாதையின் குறுக்கே கம்பி கட்டுவார்; மானின் கால் பட்டதும் ஒளிமருந்து வெடிக்கும், படம் விழும். 1906-இல் அவருடைய 74 படங்களை ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ வெளியிட்டது. 1920-களில் அதே உத்தியை இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் காட்டுக்குக் கொண்டுவந்தவர் சாம்பியன் என்ற வன அதிகாரி. படங்களை அடுக்கிப் பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது: ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இல்லை.

அவர் கண்டதை அப்போதே காதில் வாங்கியிருக்கலாம். ஆனாலும் பல்லாண்டுகள் காலடித் தடத்தை வைத்தே எண்ணினோம். விளைவு, ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலி இருந்தது, காட்டில் இல்லை. 2005-இல் அது வெளியானபோது நாடே அதிர்ந்தது.

மாற்றுவழி கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் தயாராக இருந்தது. புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் அங்கே 1990-களிலேயே கேமரா வைத்துப் புலிகளைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு கேமரா. ஏன் இரண்டு? ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. உடல்வெப்பம் அசைந்ததும் கருவி விழித்துக்கொள்ளும். நாளும் நேரமும் படத்திலேயே பதியும். 2006 முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பிலும் இந்த முறை வந்தது. அந்தக் கணக்கில் 1,411 புலிகள், 2022-இல் 3,682. கள்ளவேட்டைக்காரனிடம் சிக்கிய தோலைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, அது எந்தக் காட்டுப் புலி என்று கண்டுபிடித்ததும் உண்டு. படத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்கு 1988-இலேயே சரணாலயம் வாங்கித் தந்த சாம்பல் நிற அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவியே அது பிழைக்கிறது. முழங்கால் உயரக் கேமராவுக்கு அது அகப்படாது. தோப்புகளில் அண்ணாந்து பார்த்து, கூடுகளை எண்ணித்தான் கணக்கெடுக்க வேண்டும். கேமரா வைத்திருக்கும் உள்ளூர் இளைஞர்கள் அணிலோடு சேர்த்து, மரம் வெட்டுப்பட்டுக் கிளைத்தொடர்பு அறுந்த இடங்களையும் படமெடுத்து வனத்துறைக்குக் கொடுக்கட்டும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊரறியப் பகிர வேண்டாம்.