சூனியக்காரி: வசைச்சொல் பெயரான கதை

சூனியக்காரி என்றதும் வளைந்த மூக்கு, கூம்புத் தொப்பி, பறக்கும் துடைப்பம், இதெல்லாம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாலே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதே சொல்லை இன்று மேலை நாடுகளில் பல பெண்கள் பெருமையோடு தமக்கே சூட்டிக்கொள்கிறார்கள். இது எப்படி நடந்தது?

15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. இவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பெண்கள்தான் எளிதில் சாத்தானின் வலையில் விழுவார்கள் என்று வாதிட்ட 'மாலியஸ் மாலெஃபிகாரம்' என்ற நூல் 1486-இல் ஜெர்மனியில் அச்சானது. பயிர் அழிந்தாலும், மாடு செத்தாலும், குழந்தை இறந்தாலும் யாராவது ஒருத்தி காரணமாக வேண்டியிருந்தது. பல இடங்களில் சித்திரவதை செய்தே ஒப்புதல் வாங்கினார்கள்.

அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். "இல்லை" என்று கடைசிவரை நின்ற 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பெயரை ஏற்க மறுத்ததற்காகவே அவர்கள் செத்தார்கள் என்று சொல்லலாம்.

பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது. அதன்பின் சூனியம் குற்றமில்லை. சூனியம் தெரியும் என்று ஏமாற்றுவதுதான் குற்றம். இந்தச் சட்டமும் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1954-இல், ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். சூனியக்காரர்களின் பழைய மதம் ஒன்று ரகசியமாகப் பிழைத்திருக்கிறது என்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'விக்கா' மதம். 1968-இல் நியூயார்க்கில் சில பெண்ணியவாதிகள் சூனியக்காரி வேடமிட்டு வால் ஸ்ட்ரீட்டில் போராடினார்கள். ஆண்களுக்கு அடங்காத பெண் என்பதே அவர்கள் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருள்.

இங்கேதான் ஒரு சிக்கல். 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள், அவர்கள் பழைய மதத்தைக் காத்தவர்கள் என்றெல்லாம் இந்த இயக்கங்களில் சொல்லப்பட்டது. இரண்டையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள். தாங்கள் சூனியக்காரிகள் இல்லை என்று கெஞ்சியவர்கள். அவர்களை மறுபடியும் சூனியக்காரி என்று அழைப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், நீதிபதியின் தீர்ப்பையே திருப்பிச் சொல்வதாகிவிடும்.

அதற்காக இன்றைய பெண்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வது தவறாகிவிடாது. அது முன்னோர் விட்டுச்சென்ற சொத்தல்ல, தாமே தேர்ந்தெடுத்த பெயர், அவ்வளவுதான். நெடுங்காலம் மற்றவர்கள் சுமத்திய ஒரு பெயரைத் தானாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையே பெரிய விஷயம். 2007-இல் அமெரிக்க அரசு, விக்கா மதத்தைச் சேர்ந்த படைவீரர்களின் கல்லறைகளில் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்கவும் அனுமதித்தது.

இறந்தவர்களுக்குத் தேவை வேறு: பழி நீங்குவது. 2022-இல் ஸ்காட்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு, சேலம் வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பிய எலிசபெத் ஜான்சன் குற்றமற்றவர் என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அறிவித்தது. அதற்காகப் பாடுபட்டவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள்!

நம் நாட்டுக்கு வந்தால், ஜார்க்கண்டில் இந்தப் பழி இன்றும் உயிரை வாங்குகிறது. அங்கே 'டாயன்' என்று பழிசுமத்தி வதைக்கப்பட்ட சுட்னி மஹதோ, பிறகு அதேபோல் பாதிக்கப்பட்ட பெண்களைக் காப்பாற்றினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளவில்லை, எதிர்த்துப் போராடினார். சட்டமும் ஊரும் துணைநிற்கும் இடத்தில்தான் ஒரு வசைச்சொல்லைப் பெருமையாக அணிய முடியும். மற்ற இடங்களில் முதல் வேலை, அதைச் சொல்லும் வாயை நிறுத்துவதுதான்.