மூலமும் படியும்: ஹால்டேன் எழுப்பிய வினா

உயிர்க்கலமொன்று பிரிவதற்கு முன் தனது பரம்பரையலகுகளைப் பிரதிசெய்து கொள்கிறது. பிரதியாக்கம் முடிந்தபின் எது மூலம், எது படி? ஏட்டுச்சுவடி ஆராய்வோருக்கு நன்கு பழகிய இவ்வினாவை, 1941இல் வெளிவந்த தமது பரம்பரையியல் நூலில் உயிரியலுக்கு எழுப்பியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். மார்க்சிய நோக்கை வெளிப்படையாக ஏற்றிருந்த பிரித்தானிய அறிஞர் அவர். கலத்துக்குப் பாரமான நைதரசனை உணவாக அளித்தால் அது படியில் மட்டுமே சேரக்கூடும். அதைக்கொண்டு இரண்டையும் வேறுபடுத்தலாம் என்பது அவர் காட்டிய வழி. பரம்பரையலகு டி.என்.ஏ.யால் ஆனது என்பதே அன்று நிறுவப்பட்டிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் ஹால்டேன் சார்ந்திருந்த அரசியல் அணியே இவ்வாய்வுநெறிக்குத் தடையாயிற்று. 1948இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் கை ஓங்கியபோது, பரம்பரையலகுக் கொள்கை கருத்துமுதல்வாதமெனத் தள்ளப்பட்டது. பொருள்முதல்வாதத்தின் பெயராலேயே ஒரு பொருளின் இருப்பு மறுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், தாவரப் பரம்பரையியலறிஞர் வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். ஹால்டேனோ லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். 1950ஐ ஒட்டியே கட்சியிலிருந்து விலகினார்.

1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்தனர். அடினீனுக்கு எதிரே தைமீனும் குவானீனுக்கு எதிரே சைற்றோசீனும் அமைவதால், இழைகள் இரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு இணையான புதிய இழைக்கு அச்சாகலாம் என அவர்கள் கருதினர். இதனைச் சோதித்தவர்கள் கலிபோர்னியாவில் மெசல்சனும் ஸ்ராலும் ஆவர். பாரமான நைதரசனில் 14 தலைமுறைகள் வளர்த்த பற்றீரியாக்களை அவர்கள் சாதாரண நைதரசனுக்கு மாற்றினர். ஒரு தலைமுறையின் பின் பெற்ற டி.என்.ஏ.யைச் சீசியம் குளோரைட்டுக் கரைசலில் அதிவேகமாகச் சுழற்றியபோது, பாரமானதுமன்றி இலேசானதுமன்றி, இடைப்பட்ட ஒரே பட்டை தோன்றிற்று. அடுத்த தலைமுறையில் பாதி இடைப்பட்டதாகவும் பாதி இலேசானதாகவும் இருந்தது. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதுகையில் பழைய ஏடு முழுமையாகத் தனித்து நிற்கும். இங்கு அவ்வாறன்று. புதிய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. ஹால்டேனின் வழி சரியாயிருந்தது. மூலம், படி என்ற பாகுபாடு மட்டும் நிலைக்கவில்லை.

இப்பரிசோதனை வெற்றிபெற்ற 1957ஆம் ஆண்டு, கப்பல்துறையினராகிய எமக்கு வேறொரு வகையிலும் நினைவுக்குரியது. திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையிடம் கையளிக்கப்பட்டது அவ்வாண்டிலேயே. சுயெஸ் மீதான படையெடுப்பைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறி ஹால்டேன் தாய்நாட்டைவிட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்ற அவர் 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார். ஏகாதிபத்தியம் பின்வாங்கிய காலத்தின் வெவ்வேறு முகங்களாக இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் காணலாம்.

முற்போக்காளராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. பரம்பரையலகின் பொருண்மையை நிறுவியது கட்சித் தீர்மானமன்று. நிறைவேறுபாட்டைக் காட்டிய ஒரு பட்டை. பொருள்முதல்வாதி என்பவன் தன் கொள்கையையும் இத்தகைய சோதனைக்கு உட்படுத்தத் துணிந்தவனாதல் வேண்டும். 1941இல் ஹால்டேனிடம் அத்துணிவு இருந்தது. 1948இல் அது தளர்ந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் அவரை மதிப்பிடல் தகும்.