பல்வழிப் பரவல் (விமானம் – செயற்கைக்கோள் தொடர்பில்)

செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலி அலை, விமானத்தின் ஆன்டெனாவை நேராகவும் அடைகிறது. கடலில் பட்டுப் பிரதிபலித்தும் அடைகிறது. இதுவே பல்வழிப் பரவல். இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் சைகை வலுக்கும். எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் மங்கும். மங்கும் கணத்தில் இரைச்சல் மேலோங்கி, பிட்டுகள் கொத்துக்கொத்தாகப் பிழையாகின்றன.

1966இல் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-1 செயற்கைக்கோள் வழியாக விமானங்களுடன் வி.எச்.எஃப். தொடர்பு சோதிக்கப்பட்டது. பிறகு அதைவிட உயர் அதிர்வெண் கொண்ட எல் பட்டை அலைகள் ஆராயப்பட்டன. விமானம் – செயற்கைக்கோள் தடத்தின் இயல்பைக் கணித வடிவில் விளக்கும் பிலிப் பெல்லோவின் ஆய்வுக்கட்டுரை 1973இல் வெளியானது. அடுத்த ஆண்டு ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6, கடற்பரப்பின் பிரதிபலிப்பை விமானத்திலிருந்தே அளக்க உதவியது. கடல் அமைதியாக இருந்தால் பிரதிபலிப்பு கண்ணாடியில்போல் ஒரே திசையில் திரும்பும். கொந்தளித்தால் பல திசைகளில் சிதறும்.

செயற்கைக்கோள் தொடுவானத்தை எவ்வளவு நெருங்குகிறதோ, தொல்லை அவ்வளவு கூடும். சுழன்றபடி வரும் (வட்ட முனைவாக்கம் கொண்ட) அலை, செயற்கைக்கோள் உயரே இருக்கும்போது கடலில் பட்டால் சுழற்சித் திசை மாறித் திரும்புகிறது. ஆன்டெனா அதைப் பெரிதும் ஒதுக்கிவிடும். தொடுவானத்திலிருந்து செயற்கைக்கோளின் உயரத்தைக் காட்டும் ஏற்றக்கோணம் சில பாகைகளுக்குத் தாழ்ந்தால் சுழற்சி மாறுவதில்லை; ஆன்டெனாவாலும் நேரான அலை, பிரதிபலித்த அலை இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்குச் செயற்கைக்கோள் 10 பாகையில் தெரிந்தால், பிரதிபலித்த அலை சுமார் 3.5 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணித்து, ஏறத்தாழ 12 மைக்ரோவிநாடி பிந்தி வரும்.

செயற்கைக்கோள் தொடர்பு நிறுவனமான இன்மார்சாட்டின் விமானச் சேவையில் மிகக் குறைந்த வேகம் விநாடிக்கு 600 பிட்டு. அதில் ஒரு பிட்டின் நீளம் சுமார் 1,667 மைக்ரோவிநாடி என்பதால், இந்தத் தாமதம் அடுத்த பிட்டைக் குழப்புவதில்லை, மங்கல்தான் சிக்கல். அதற்குத் தீர்வாகப் பிழைதிருத்தக் குறியீடு சேர்க்கப்பட்டு, பிட்டுகள் வரிசை மாற்றி அனுப்பப்பட்டன. ஒரு மங்கலில் சிதைந்த பிட்டுகள் பெறுமுனையில் பழைய வரிசைக்குத் திரும்பும்போது தள்ளித்தள்ளி விழுவதால், அக்குறியீட்டை அவிழ்க்கும் விட்டர்பி முறை அவற்றை மீட்டுவிடுகிறது. இம்முறையை 1967இல் ஆண்ட்ரூ விட்டர்பி வகுத்தார்.

2007இல் தொடங்கிய இன்மார்சாட்டின் ஸ்விஃப்ட்பிராட்பேண்ட் சேவை விநாடிக்கு 432 கிலோபிட்டு வரை எட்டியபோது நிலைமை மாறியது. அங்கே ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 2.3 மைக்ரோவிநாடிதான். அதே 12 மைக்ரோவிநாடித் தாமதம் அடுத்தடுத்த பிட்டுகளோடு மோதுகிறது. மங்கலைத் தாங்குவதோடு இந்த மோதலையும் பெறுகருவி சமாளிக்க வேண்டியிருக்கிறது.

துருவங்களை நெருங்க நெருங்கத் தொடுவானத்தை நோக்கித் தாழும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள், 81 பாகை அட்சரேகைக்கு அப்பால் அதற்குக் கீழே மறைந்துவிடுகின்றன. அதனால் துருவத்தைக் கடக்கும் விமானங்கள், துருவத்துக்கு மேலாகச் சுற்றிவரும் இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகின்றன.