தியத்தலாவை முகாமின் ஆட்டக்காரர்

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே கொழும்புத் துறைமுகத்தில் தாடி வளர்த்த வெள்ளையர் நூற்றுக்கணக்கானோர் கப்பலிலிருந்து இறக்கப்பட்டனர். அவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். தோட்டம் ஆள வந்த துரைமாரும் அல்லர். தென்னாப்பிரிக்காவிலே ஆங்கில ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிச் சிறைப்பட்ட போயர்கள் அவர்கள். டச்சு வமிசத்துக் குடியானவர்களான இவர்களைச் சொந்த மண்ணிலே வைத்திருப்பது ஆபத்து என்று கருதிய ஆங்கிலேயர், செயின்ட் ஹெலினா, பெர்மியூடா, இந்தியா, இலங்கை முதலிய இடங்களுக்குக் கடல் கடத்தினர்.

இலங்கைக்கு வந்தவர்களிற் பெரும்பாலோருக்கு வாய்த்த இடம் ஊவா மலையிலுள்ள தியத்தலாவை. புகைவண்டிப் பாதை 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களின் விளைச்சலைக் கீழே கொண்டு செல்வதற்கு இட்ட அந்தப் பாதையே இப்போது கைதிகளை மேலே கொண்டு சென்றது. தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. முட்கம்பி வேலி சூழ்ந்தது. குளொஸ்டர்ஷயர் படைப்பிரிவினர் காவல் நின்றனர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அங்கே அடைபட்டனர். தொடக்க மாதங்களிலே குடற்காய்ச்சல் பலரைக் கொண்டு போயிற்று. அங்கு மாண்டவர்களின் கல்லறைகளை அவ்வூரிலே காணலாம்.

நோயைவிட நீண்ட காலம் வருத்தியது வேலையின்மை. குதிரையும் துப்பாக்கியுமாகப் பரந்த வெளியிலே திரிந்தவன் வேலிக்குள்ளே எத்தனை நாள் சும்மா இருப்பான்? சிலர் மரத்திலும் எலும்பிலும் சிற்ப வேலை செய்தனர். சிலர் பாடம் படித்தனர். தங்கள் மொழியிலே ஒரு பத்திரிகையும் அச்சிட்டனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயரின் பொருள் 'முட்கம்பி' என்பது. துன்பத்தைக் கேலி செய்யத் தெரிந்த மனிதர்கள்! விளையாட்டும் இவ்வாறுதான் வேரூன்றிற்று. உதைபந்து, பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி, கிரிக்கட், டெனிஸ், குத்துச்சண்டை யாவும் முகாமுக்குள்ளே நடைபெற்றன.

எல்லாரும் அடங்கியிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1901 ஜனவரியிலே கொழும்புத் துறைமுகத்திற் கப்பலில் இருந்த ஐவர், இரவிலே கடலிற் குதித்து நீந்தி ஒரு ரஷ்யக் கப்பலை அடைந்தனர். ரஷ்யா, ஜெர்மனி வழியாகச் சுற்றிச் சென்று ஆப்பிரிக்காவை அடைந்து மீண்டும் போரிலே கலந்துகொண்டனர்.

கிரிக்கட்டோ எதிரியின் ஆட்டம். ஆயினும் அதிலே தேர்ந்தவர்கள் முகாமில் இருந்தனர். டி வில்லியர்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்ட போயர் அணி ஒன்று, 1901 ஜூலையிலே கொழும்புக்குச் சென்று 'கோல்ட்ஸ்' சங்கத்தாரோடு இரண்டு நாள் ஆடிற்று. கைதிகள் காவலர் சூழ மலையிறங்கி, வெள்ளுடை அணிந்து மைதானத்திலே நின்ற காட்சி, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே நிகழ்ந்தது என்பது நினைக்கத்தக்கது. அதே மாதங்களிலே தென்னாப்பிரிக்காவில் அவர்களுடைய பண்ணைகள் எரிந்துகொண்டிருந்தன. மனைவி மக்கள் தடுப்பு முகாம்களில் மாண்டுகொண்டிருந்தனர். வெற்றி கோல்ட்ஸ் அணிக்கே கிட்டியது. அந்த அணியிலே பறங்கியர் மிகுந்திருந்தனர். டச்சுக் கம்பெனிக் காலத்திலே இலங்கையிற் குடியேறியோரின் சந்ததியாரும், அதே காலத்திலே ஆப்பிரிக்காவிற் குடியேறியோரின் சந்ததியாரும் ஆங்கிலேயனுடைய ஆட்டத்திலே எதிரெதிராக நின்றனர்.

அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தோட்டங்களின் துரைமாருக்கு டறவெல்லையிலும் ரதல்லையிலும் விளையாட்டு மைதானங்கள் உண்டு. அவர்களிற் சிலர் 1900இல் இலங்கைக் குதிரைப் படையிற் சேர்ந்து தென்னாப்பிரிக்காவிலே போயரோடு பொருதச் சென்றிருந்தனர். வேலிக்கு உள்ளே ஆட்டம். துரைமாரின் சங்கத்திலும் ஆட்டம். இவ்விரண்டுக்கும் இடையிலே லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு, விடியற்காலைப் பெரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரையில் நாள் கழிந்தது. எந்த வேலியும் அவர்களைச் சூழவில்லை. ஆனால் 'துண்டு' எனப்படும் விடுகைச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிலே வேலைக்குச் சேர இயலாது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் அந்தத் துண்டு கிடைப்பதும் அரிது. போர்க்கைதிகளுக்கு 1902இலே விடுதலை கிடைத்தது. துண்டு முறை ஒழிந்ததோ 1921இலேதான். போயரின் ஆட்டங்களைப் பத்திரிகைகள் எழுதின. தொழிலாளரின் ஓய்வு நேரத்தைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

1902 மே 31ஆம் திகதி சமாதானம் கையெழுத்தாயிற்று. ஆங்கில அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் தாயகம் திரும்பினர். பிரமாணம் செய்ய மறுத்த எங்கல்பிரெக்ட் இலங்கையிலேயே தங்கி, 1908இலே யால வனவிலங்குப் பிரதேசத்தின் முதற் காவலரானார். 1922இல் இந்நாட்டிலேயே காலமானார்.

ஏனையோர் கப்பலேறியபோது ரக்பி ஆட்டத்தையும் தம்மோடு கொண்டு சென்றனர். கடல் கடந்த முகாம்களிலே அதனைக் கற்றுத் திரும்பியவர்களாலேயே கிராமத்துப் போயரிடையே அவ்வாட்டம் பரவியது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். 1906இலே போல் ரூஸ் தலைமையிற் பிரிட்டனுக்குச் சென்ற முதலாவது தென்னாப்பிரிக்க ரக்பி அணியிலே, போயர் குலத்தவரும் ஆங்கிலக் குலத்தவரும் ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடினர்.